ஒன்றரை முழம் இன்டர்நெட்

1

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் பெருமையடிக்கிறான் என்பீர்கள்.

இங்கே மலாய் நாட்டில், கேரி தீவில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குக் கெமா போட்டேன். கெமா என்றால் நம் ஊர்ப் பந்தல்தான். ஓலைக்குப் பதில் கித்தான், மூங்கிலுக்குப் பதில் இரும்புக் கால். அன்றைக்கு வந்த கடல்காற்றில் மற்றவர்கள் போட்ட கெமாவெல்லாம் கவிழ்ந்தது. என்னுடையது நின்றது. நான்கு காலில் மூன்று நின்றது. மூன்று கால் போதும் என்பதை இந்த நாட்டுக்குக் காட்டியவன் நான். காப்பாரில் சேற்று நிலத்தில் மேடை போட்டேன். குடும்பப் படம் எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறியபோது மேடை மண்ணுக்குள் இறங்கியது. ஆனால் நேராக இறங்கியது. ஒருவருடைய தலைப்பாகைகூடச் சாயவில்லை. இதற்கெல்லாம் முன்னால் செலாயாங் மொத்தச் சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டை அடுக்கினேன். அதைக் கட்டியதாகச் சொல்ல முடியாது என்றாலும், நான் அடுக்கிய அடுக்கு சரிந்ததே இல்லை என்பதால் சேர்த்துக்கொள்கிறேன்.

கடைசியாக, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் கல்யாண மண்டபம். நான் எடுத்தபோது அது மெத்தைக் கடைக்காரர் கைவிட்டுப்போன கிடங்கு. முழங்கால் தண்ணீர். தவளை. ஒரு இன்ஜினியர் பையன் வந்து எட்டிப் பார்த்து, "அங்கிள், இங்க காளான் வளர்க்கலாம்" என்றான். நானே பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்தேன், நானே கால்வாய் வெட்டினேன், நானே தரையில் கல் பதித்தேன். முந்நூறு பேர் உட்காரலாம். நெருக்கி உட்கார்ந்தால். அந்த இன்ஜினியரின் தங்கை கல்யாணமே அங்கேதான் நடந்தது. காளானும் போட்டோம், பிரியாணியில்.

படிப்பு, அறந்தாங்கிப் பக்கம் ஐந்தாம் வகுப்பு. அதிலும் முன்பாதி.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், என் மகள் திவ்யாவின் கல்யாணத்துக்குப் போன வாரம் ஒரு வருடம் நிறைந்தது. அந்தக் கல்யாணத்தில் நடந்ததைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நடந்ததை நடந்தபடி நான்தான் சொல்ல வேண்டும்.

2

என் மண்டபத்தில் வெயில் இல்லை, கொசு இல்லை, காக்கை இல்லை. லைனும் இல்லை.

காலையில் கதவைத் திறந்து சாய்தளத்தில் இறங்குவேன். நான் பதித்த கல்லில் ஏழாவது வரிசை வரைக்கும் ஹேன்ட்போன் வேலை செய்யும். எட்டாவது வரிசையில் செத்துவிடும். தினமும் அதே இடம்தான். சில நாள் நான் வேண்டுமென்றே ஏழிலும் எட்டிலும் மாறி மாறிக் கால் வைத்து அதைப் பிழைக்கவும் சாகவும் வைப்பேன்.

அதைக் குறை என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. மண்டபம் பார்க்க வருகிறவர்களிடம், "இங்க லைன் வராது, அதனால வந்தவங்க ஒருத்தர் முகத்த ஒருத்தர் பார்த்துப் பேசுவாங்க" என்று சொல்லித்தான் கொடுப்பேன். பெரியவர்கள் உருகிப்போவார்கள். கல்யாணத்தன்று பார்த்தால் பந்தியில் பாதி இலை காலியாக இருக்கும். அந்தப் பாதிப் பேர் சாய்தளத்தில் ஏழாவது வரிசைக்கு மேலே வரிசையாக நின்று ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பார்கள்.

திவ்யாவுக்கு இந்த மண்டபம் பிடிக்காது. அவள் இங்கே பிறந்தவள், கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை. மண்டபத்துக்கு அவள் வைத்த பெயர் பங்கர். அவளுக்குத் தமிழ் நன்றாக வரும். கோபம் வந்தால் மட்டும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். எனக்கு அதில் பாதி புரியாது. அதனால் எங்கள் வீட்டுச் சண்டைகள் எப்போதும் பாதியில் முடிந்துவிடும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாடி அறையிலிருந்து கீழ் அறைக்கு வாட்ஸ்அப்பில் 'சாப்பிட்டீங்களா பா' என்று கேட்பாள். நான் சத்தமாக, "சாப்பிட்டேன்" என்பேன். "டைப் பண்ணுங்க பா" என்று சத்தமாகவே பதில் வரும்.

மாப்பிள்ளை முகுந்தன் அவளோடு வேலை பார்ப்பவர். தென்காசிக்காரர். அப்பா இல்லை, அம்மா ஒற்றை ஆளாகத் தையல் மிதித்து வளர்த்த ஒரே மகன். கல்யாணம் ஹோட்டலில் வேண்டும் என்று திவ்யாவும், நான் கட்டிய மண்டபம் இருக்க என் மகள் ஹோட்டலில் கல்யாணம் செய்வதா என்று நானும் மல்லுக்கட்டி, நான் ஜெயித்தேன். ஜெயித்த மறுவாரம் தென்காசியிலிருந்து போன். சம்பந்தியம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. விமானம் ஏற முடியாது. கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது.

"கல்யாணத்த நிறுத்த வேண்டாம் அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா. "பத்திரிகை குடுத்தாச்சு. ஆனா எம்மவன் தாலி கட்டுறத நான் பாக்கணும். போன்லயாவது பாக்கணும். நான் பாக்காம கட்டக் கூடாது."

திவ்யா போனை வாங்கி, "அத்தை, நீங்க பாக்கலன்னா நான் கழுத்த நீட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆங்கிலம் இருந்தது.

3

முறைப்படிதான் போனேன். இன்டர்நெட் கம்பெனியின் கவுன்டரில் நம்பர் எடுத்து உட்கார்ந்தேன். நம் தமிழ்ப் பெண் ஒன்று கம்ப்யூட்டர் முன்னால் இருந்தது.

"அங்கிள், எத்தனாவது மாடி?"

"மாடி இல்லம்மா. கீழ."

"கிரவுண்டா?"

"கிரவுண்டுக்கும் கீழ."

அவள் தட்டித் தட்டிப் பார்த்தாள். "கிரவுண்டுக்குக் கீழ சிஸ்டத்துல இல்ல அங்கிள்."

"இல்லன்னா எப்படிம்மா? நான் அங்கதான் இருக்கேன். தரைக்குக் கல்லு நான்தான் பதிச்சேன்."

"நீங்க இருக்கீங்க அங்கிள். சிஸ்டத்துல நீங்க இல்ல."

மைனஸ் ஒன்று என்று போட்டுப் பார்த்தாள். சிஸ்டம் மைனஸை வாங்கவில்லை. ஒன்று என்று போட்டாள். உடனே வாங்கிக்கொண்டது. "வர்ற டெக்னீஷியன்கிட்ட மைனஸ்னு வாயால சொல்லிடுங்க அங்கிள்" என்றாள்.

நான் வாயால் சொல்வதற்குள் அவர்கள் வந்து போய்விட்டார்கள். முதல் மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவரிடம் ஏற்கெனவே இன்டர்நெட் இருந்தது. இப்போது இரண்டு இருக்கிறது. அதிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், டாக்டர் ஞாயிற்றுக்கிழமை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பூட்டிக்கொண்டு போவாராம். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. மறுபடி கவுன்டருக்குப் போனேன். கட்டடத்துக்கு அடித்தளம் இருக்கிறது என்று நிர்வாகத்திடமிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். நிர்வாகத்திடம் போனேன். கடிதத்துக்குப் பதினாலு வேலை நாள் ஆகும் என்றார்கள். வேலை நாளாகப் பார்த்தால் எனக்கு மிச்சம் இருந்தது எட்டு.

அந்தக் கடிதம் இப்போது வந்துவிட்டது. அடித்தளம் இருப்பதை நேரில் உறுதி செய்ய ஆள் அனுப்புகிறோம் என்று அதில் எழுதியிருக்கிறது.

4

அஸ்லானைக் கூப்பிட்டேன். கிள்ளானில் நான் முதல் கெமா போட்ட காலத்திலிருந்து என் மைக்கையும் ஸ்பீக்கரையும் பழுதுபார்க்கிற மலாய்க்காரர். குள்ளமான மனிதர், பொறுமைசாலி. இருபது வருடமாக என்னோடு பழகியதில் அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். அதில் பெரும்பாலும் என் திட்டுகள்.

நான் அதற்குள் மூன்று கொம்பு வைத்த ஒரு பெட்டியை வாங்கி வைத்திருந்தேன். லைனைப் பெருக்கிக் கொடுக்கும் என்று கடையில் சொன்னார்கள். அஸ்லான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அங்கிள், இங்க லைன் கோசோங். கோசோங்க மூணால பெருக்கினா என்ன?" என்றார். கோசோங் என்றால் பூஜ்யம். ஐந்தாம் வகுப்பின் முன்பாதியிலேயே எனக்கு அந்தக் கணக்கு வந்துவிட்டது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு அவர் ஹேன்ட்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி நடந்தார். நான் பின்னால் நடந்தேன். சமையலறை மூலையில் நின்று மேலே காட்டினார். அங்கே புகை போவதற்காக ஒரு சதுரக் குழி, கிணறு மாதிரி, மேலே தெரு நடைபாதை வரைக்கும் போகிறது. மேல்வாயில் இரும்புக் கம்பி போட்ட மூடி. சந்தில் போகிறவர்கள் அதன்மேல் நடந்துதான் போவார்கள். மேலே லைன் உண்டு, கீழே இல்லை; நடுவில் எங்கேயாவது இரண்டும் சந்திக்கும் ஒரு இடம் இருக்க வேண்டும் என்பது அஸ்லானின் கணக்கு.

உள்ளங்கை அளவில் ஒரு பாக்கெட் வைஃபை கொண்டுவந்தார். மழை வந்தால் நனையக் கூடாதே என்று, இங்கே கடைகளில் ஐஸ் தேத்தண்ணீர் கட்டிக் கொடுப்பார்களே, அந்த மாதிரிப் பிளாஸ்டிக் பையில் அதைப் போட்டு வாயை இறுக்கிக் கட்டினோம். ரஃபியா கயிற்றில் தொங்கவிட்டோம். ரஃபியா என்றால் இந்த நாட்டில் அட்டைப்பெட்டியிலிருந்து கோழிக்கூண்டு வரை எல்லாவற்றையும் கட்டுகிற சிவப்புப் பிளாஸ்டிக் நார். மலாயில் கயிற்றுக்குத் தலி என்று பேர். நம் தாலியும் கயிறுதானே, அதனால் வந்த முதல் மாதமே எனக்கு அந்தச் சொல் மனப்பாடம்.

மேலே அஸ்லான் இறக்குவார். கீழே நான் கத்துவேன். கொஞ்சம் ஏற்றினால் மண்டபத்துக்கு வைஃபை வராது. கொஞ்சம் இறக்கினால் வைஃபைக்கு லைன் வராது. ஒரு மணிநேரம் ஏற்றி இறக்கி, கடைசியில் ஒரு இடத்தில் பச்சை விளக்கு நிலைத்து நின்றது. அஸ்லான் டேப் வைத்து அளந்து சென்டிமீட்டரில் ஏதோ சொன்னார். நான் என் கையால் அளந்தேன். ஒன்றரை முழம். என் முழத்தில்.

சோதனைக்குத் தென்காசியைக் கூப்பிட்டோம். சம்பந்தியம்மா திரையில் வந்தார். மண்டபத்தைச் சுற்றிக் காட்டினேன். நான் கட்டியது, நான் பதித்தது எல்லாம் விளக்கிச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை: "மேடைக்குப் பின்னால ஒட்டடை இருக்கு அண்ணாச்சி."

படம் அவ்வளவு தெளிவு.

5

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை.

எல்லாம் சரியாகத்தான் போனது. மாப்பிள்ளையின் தாய்மாமன் குற்றாலிங்கம் தென்காசியிலிருந்து வந்திருந்தார். அவர் கையில் போன், போனுக்குள் சம்பந்தியம்மா. படுத்த இடத்திலிருந்தே கல்யாணத்தை நடத்தினார். "முகுந்தா, வேட்டி கரை தெரியல." "அந்த மாலைய நேராப் போடு." "லிங்கம், போன ஆட்டாத, எனக்கு மயக்கம் வருது." நாங்கள் தாரை வார்த்துக் கொடுத்தோம். கூறைப்புடவை கொடுத்தாயிற்று. ஐயர் தாலியைத் தேங்காய் மேல் வைத்து ஆசீர்வாதத்துக்குச் சுற்றி அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார். மணி பத்தே கால் ஆகப் போகிறது.

மேலே காவலுக்கு நின்றது அஸ்லான். அவர் கண்முன்னாலேயே இரும்புக் கம்பியில் உரசி உரசி ரஃபியா நைந்துபோய் அறுந்துவிட்டது. பை கொஞ்சம் இறங்கி, குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு குழாயின் விளிம்பில் மாட்டித் தொங்கியது. போனில் படம் நின்றுவிட்டது. குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

மலாய்க்காரர்கள் சாதாரணமாகப் பேசும்போது தலி என்று குறிலாகத்தான் சொல்வார்கள். தூரத்திலிருந்து கத்தினால் அது நெடிலாகிவிடும். அஸ்லான் சாய்தளத்தின் உச்சியிலிருந்து கத்தினார்.

"அங்கிள்! தாலி புத்துஸ்! தாஆலி புத்துஸ்!"

மேளம் நின்ற நேரம். மண்டபம் முழுக்கக் கேட்டது.

குற்றாலிங்கம் போனைப் பிடித்தபடியே பக்கத்தில் நின்ற என் மச்சான் ராஜூவிடம் கேட்டார். ராஜூ என் மனைவி மல்லிகாவின் தம்பி. காப்பாரில் பிறந்து வளர்ந்தவன். மலாய் தண்ணீர் மாதிரி வரும். தமிழுக்கும் வாலாக ஒரு 'லா' ஒட்டுவான்.

"அந்தாளு என்ன சொல்லுதாரு? தாலின்னாரு. பொறவு என்னமோ சொன்னாரே?"

"புத்துஸ்."

"புத்துஸ்னா?"

ராஜூ வாயில் வடை. அதை மென்றுகொண்டே, கேட்ட கேள்விக்கு மட்டும் சரியாகப் பதில் சொன்னான். "அறுந்து போச்சுன்னு அர்த்தம் லா."

குற்றாலிங்கத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, தாலி அறுந்து போச்சாம்!" என்று அவர் சொன்னது மண்டபத்துக்கும் கேட்டது, தென்காசிக்கும் கேட்டது. தென்காசிக்கு அதுதான் கடைசியாகக் கேட்டது. அந்த நேரம் பார்த்து விளிம்பில் தொங்கிய பை நழுவி நேராகச் சமையலறைக்குள் விழுந்துவிட்டது.

பிறகு நடந்ததை ஒன்றொன்றாகச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. ஐயர் கையிலிருந்த தாலியை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து, "நன்னாத்தானே இருக்கு" என்றார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர், "கட்டுறதுக்கு முன்னாலேயேவா?" என்று நெஞ்சில் கை வைத்தார். நான், "அது நம்ம தாலி இல்லங்க, வேற தாலி!" என்று விளக்கினேன். அது உதவவில்லை. மல்லிகா மைக்கைப் பிடுங்கி, "ஏங்க, யாரும் பயப்படாதீங்க, அறுந்தது ரஃபியா தாலி! ரஃபியா தாலிதான்!" என்று அறிவித்தாள்.

முந்நூறு தலையும் மணவறைப் பக்கம் திரும்பின.

அந்தப் பெரியம்மா மெதுவாக எழுந்து மணவறைக்கு வந்து முகுந்தனிடம் கேட்டார். "ரஃபியா யாருல?"

முகுந்தன் பாவம், மென்பொருள் எழுதுகிற பிள்ளை. திவ்யாதான் எழுந்தாள். மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினாள். இந்தத் தடவை எனக்கு முழுவதும் புரிந்தது. அத்தை காலில் கட்டோடு படுத்துக்கொண்டு, மகன் தாலி அறுந்துவிட்டது என்று கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை விசாரிக்க ஆளில்லாமல் கிடக்கிறார். அவர் முகத்தைப் பார்க்காமல் நான் உட்கார மாட்டேன். பத்தரை தாண்டினால் தாண்டட்டும். இதுதான் அவள் சொன்னது.

6

சமையலறைக்கு ஓடினேன். பை விழுந்த இடம் மோர் அண்டா. சமையல்காரர் கரண்டியால் அதை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "என்னண்ணே இது, மோருக்குள்ள தேத்தண்ணி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பையின் முடிச்சு நான் போட்டது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. லைன் இல்லாததால் சிவப்புதான், ஆனால் விளக்கு எரிகிறது. இதையும் நான் கட்டியவற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பையை எடுத்துக்கொண்டு சாய்தளத்தில் ஏறினேன். மேலே அஸ்லான் தலையில் கை வைத்து நின்றார். வேறு கயிறு அவர் லோரியில் இருக்கிறது, லோரி தெருக்கோடிக் கோயிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. மிச்ச ரஃபியாவைக் கட்டினால் மோர் வழுக்குகிறது. அஸ்லான் கம்பி மூடியைப் பாதி தூக்கி, தன் கையை உள்ளே விட்டுப் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். விளக்கு பச்சைதான், ஆனால் வைஃபை வரவில்லை என்று கீழேயிருந்து கத்தினார்கள். அவர் கை போதவில்லை.

நான் அளந்தது என் முழம். அந்த இடத்துக்குப் பொருந்துகிற கை என் கை ஒன்றுதான்.

பட்டு வேட்டியோடு நடைபாதையில் குப்புறப் படுத்தேன். தோள்பட்டை வரைக்கும் கையை உள்ளே விட்டேன். விளக்கு பச்சை. "போ! போய் அந்தம்மாவக் கூப்பிடு!" என்று அஸ்லானை விரட்டினேன். அவர் ஓடினார். என் ஹேன்ட்போன் சட்டைப் பையில், நெஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. எடுக்க வழியில்லை. கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வெள்ளைக்காரர் படம் எடுத்துக்கொண்டு போனார். ஒரு அம்மா என் முதுகுக்குப் பக்கத்தில் சில்லறை வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு குச்சி என் விலாவில் இடித்தது.

"சாரி பாஸ். என்ன, மூட்டையா?"

"மூட்டை இல்ல. மனுஷன்."

குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினேன். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் குச்சி. எதிர்ச்சந்தில் உடம்பு பிடித்துவிடும் கடையில் வேலை செய்கிற மணியம். பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையில்லாதவர்கள் நிறையப் பேர் அந்த வேலை செய்கிறார்கள். இந்த நடைபாதையில் தினமும் போகிறவர்கள்.

"விழுந்துட்டீங்களா அண்ணே?"

"இல்ல. இன்டர்நெட் குடுக்குறேன்."

"யாருக்கு?"

"தென்காசிக்கு."

குச்சியை மடக்கிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். ரஃபியா வரும்போது அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்து, கை ஆடி, விளக்கு சிவந்து, மறுபடி பச்சையானது.

"கீழ எம் மவளுக்குத் தாலி கட்டப் போறாங்க. என்னால பாக்க முடியல" என்றேன்.

"என்னாலயும் முடியாது. உக்காருங்க, கேக்கலாம்."

"உக்கார முடியாது. கை உள்ள இருக்கு."

"அப்ப படுங்க."

அவர் குனிந்து காதைக் கம்பியில் வைத்தார். எனக்குத் தெருவில் போகிற பஸ் சத்தம்தான் கேட்டது. அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"யாரோ ஒரு அம்மா அழுவுறாங்க. ஸ்பீக்கர் சத்தம். போன்ல."

"லைன் கிடைச்சிருச்சு! அப்புறம்?"

"ஒரு பொண்ணு பேசுது. 'அத்தை, கயிறுதான் அத்தை, பிளாஸ்டிக் கயிறு'ன்னு. பத்துத் தடவ சொல்லுது."

"எம் மவதான். அப்புறம்?"

"அந்தம்மா, 'கயிறா? வெறும் கயிறா? இதுக்கா என் உசிர எடுத்தீங்க'ன்னு கேக்குறாங்க. இப்பத் திட்டுறாங்க. லிங்கமாம் யாரோ. நல்லாத் திட்டுறாங்க அண்ணே." கொஞ்ச நேரம் ரசித்துக் கேட்டார். "இப்பச் சிரிக்கிறாங்க. ஐயர் மணி ஆச்சு, மணி ஆச்சுங்கிறாரு. பொண்ணு, 'அப்பா எங்க'ன்னு கேக்குது."

"பதில் என்ன?"

"மேளம் வந்துருச்சு. கேக்கல."

அந்த நேரம் பார்த்து மோனோரயில் தலைக்கு மேலே போனது. ஒன்றும் கேட்கவில்லை. மணியம் என் மறு கையைத் தேடிப் பிடித்து இறுக்கினார்.

"கெட்டிமேளம் அண்ணே. கட்டியாச்சு."

என் கை ஆடவில்லை. ஆட விடவில்லை. அங்கே ஒரு தாய் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உடனே எழுந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சம்பந்தியம்மா மெட்டி போடுவதைப் பார்க்க வேண்டும் என்றார். அம்மி மிதிப்பதைப் பார்க்க வேண்டும் என்றார். அருந்ததி பார்ப்பதைப் பார்க்க வேண்டும் என்றார். அடித்தளத்தில் வானம் ஏது, நாங்கள் 'வெளியே போகும் வழி' என்று எழுதிய பச்சை விளக்கைத்தான் காட்டுவோம். எல்லாம் முடிகிற வரைக்கும் நான் கிடந்தேன். கம்பி பதிந்த கோடு தோளில் மூன்று நாள் இருந்தது. மணியத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் முதல் பந்தியில் உட்கார வைத்தேன். மோரை மட்டும் வேண்டாம் என்றேன். அதைத்தான் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

7

போன வாரம், திருமண நாளன்று திவ்யாவும் முகுந்தனும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கல்யாண வீடியோவை டிவியில் போட்டார்கள். ஒரு வருடம் வேலை வேலை என்று ஓடிவிட்டு இப்போதுதான் அவர்களே உட்கார்ந்து வெட்டி ஒட்டி முழுசாக முடித்திருக்கிறார்கள். நானும் அந்த நிமிஷத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார். போனில் சம்பந்தியம்மா முகம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. திவ்யா தலையைத் திருப்பித் திருப்பித் தேடுகிறாள். "அப்பா எங்க?" என்று கேட்கிறாள். அதற்கு என் மச்சான் ராஜூவின் குரல், மேளத்துக்கு முன்னால், தெளிவாக: "சாப்பிடப் போயிருப்பாரு லா."

அதோடு கெட்டிமேளம்.

கடைசியில் நன்றி என்று எழுத்து ஓடுகிறது. நேரலை: அஸ்லான். போன் பிடித்தவர்: குற்றாலிங்கம். சமையல்காரர் பெயர் இருக்கிறது. பல் டாக்டர் பெயர்கூட இருக்கிறது. எதற்கு என்று கேட்டேன், மொய் எழுதினாராம். என் பெயர் இல்லை. இந்த வீடியோ தென்காசிக்குப் போயிருக்கிறது, அறந்தாங்கிக்கும் போயிருக்கிறது. பெற்ற மகளுக்குத் தாலி ஏறும்போது கருப்பையா பந்தியில் உட்கார்ந்திருந்தான் என்று என் ஊரில் பேசுகிறார்கள். என் சொந்த அண்ணனே போன் செய்து, "அவ்வளவு பசியாடா?" என்று கேட்டார்.

ஆகவே இதைப் படிக்கிற எல்லோர் முன்னிலையிலும் மகளையும் மாப்பிள்ளையையும் கேட்டுக்கொள்வது இதுதான். ராஜூவின் குரலை எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் திரையின் ஓரத்தில் வட்டமாக என் படத்தைப் போட வேண்டும். படம் தயாராக இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அதே பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு, அதே நடைபாதையில் அதே மாதிரி படுத்து, கையை உள்ளே விட்டு எடுத்தது. சாட்சிக்கு மணியம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். படத்துக்குக் கீழே இப்படி எழுத வேண்டும்: 'இன்டர்நெட் கொடுத்தவர்: பெண்ணின் தகப்பனார், அறந்தாங்கி கருப்பையா.' அஸ்லான் பெயருக்கு மேலே. எழுத்து அதைவிடப் பெரிதாக. தமிழில்.